சுழியத்துக்குள் ஒரு புள்ளி

ஐந்தாவது இடத்தில் இருப்பது என்ன?

வங்கி வழியாகப் பணம் அனுப்பும் எவரும் ஐஎஃப்எஸ்சி குறியீட்டை ஒருமுறையாவது தட்டியிருப்பார்கள். மொத்தம் 11 இடங்கள். முதல் நான்கும் வங்கியைக் குறிக்கும் ஆங்கில எழுத்துகள். கடைசி ஆறும் கிளையைக் குறிப்பவை. இரண்டுக்கும் நடுவே, ஐந்தாவது இடத்தில், முட்டை வடிவத்தில் ஒன்று நிற்கும். அது ஆங்கில ‘ஓ’வா, எண் சுழியமா?

அது எப்போதும் சுழியம்தான். பிற்காலத் தேவைக்கென ஒதுக்கி வைத்த இடம் அது. ஆனால் பாஸ்புக்கைப் பார்த்து அப்படியே அடிப்பவருக்கு இந்த விதி தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. நான்கு எழுத்துகளைத் தொடர்ந்து வருவதால் ஐந்தாவதையும் எழுத்து என்றே கண் எடுத்துக்கொள்ளும். ‘ஓ’ என்று அடிப்பார்; குறியீடு தவறு என்று செயலி சொல்லும்; எங்கே தவறு என்று எத்தனை முறை ஒப்பிட்டுப் பார்த்தாலும் பிடிபடாது. வண்டிப் பதிவெண்ணின் தொடர் எழுத்துகளில் ஆங்கில ‘ஐ’யையும் ‘ஓ’வையும் தவிர்ப்பது இந்தக் குழப்பத்துக்கு அஞ்சித்தான்.

இப்போது கணினி நிரல் எழுதும் ஒருவருடைய திரையை எட்டிப் பாருங்கள். அங்கே சுழியத்தின் வயிற்றில் ஒரு புள்ளியோ குறுக்குக் கோடோ இருக்கும். எழுத்துகள் நாளிதழில் போல நெருங்கி அமையாமல், ஒவ்வொன்றும் தனக்கென்று ஓர் இடம் பிடித்து, மேலும் கீழும் நேர்க்கோட்டில் நிற்கும். நன்றாக அச்சிட்ட புத்தகத்தோடு வைத்துப் பார்த்தால் அழகு குறைவுதான். உலகிலேயே உயர்ந்த திரைகளை வைத்திருப்பவர்கள் ஏன் இந்தப் பழைய தட்டச்சு வடிவத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்? அந்தத் திரையில் தமிழை எழுதினால் மட்டும் வரிசை ஏன் கலைந்துபோகிறது? இந்த அத்தியாயம் இவ்விரண்டு கேள்விகளைப் பற்றியது.

ஒரே அளவுக் கட்டம்

புத்தக எழுத்துருவில் ஒவ்வோர் எழுத்துக்கும் அதன் உடம்புக்கு ஏற்ற அகலம் உண்டு. ஆங்கில ‘எம்’ அகலமானது, ‘ஐ’ ஒல்லியானது. தட்டச்சுப் பொறியில் அது நடக்காது. எந்த விசையை அடித்தாலும் தாளைச் சுமக்கும் வண்டி ஒரே அளவுதான் நகரும். பரவலான ஓர் அளவுப்படி அங்குலத்துக்கு 10 எழுத்து. அகலமானதும் ஒல்லியானதும் அதே கட்டத்துக்குள் அடங்க வேண்டும். இப்படி எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம் தரும் வடிவத்தைச் ‘சம அகல எழுத்துரு’ என்று அழைப்போம்.

கணினி இந்தக் கட்டத்தைத் தட்டச்சுப் பொறியிடமிருந்து மட்டும் வாங்கிக்கொள்ளவில்லை. ஐபிஎம் 1928-இல் கொண்டுவந்த துளை அட்டையில் வரிக்கு 80 இடங்கள் இருந்தன. பின்னால் வந்த திரை முனையங்களும் 80 இடங்களையே வைத்துக்கொண்டன. 1978-இல் வந்த விடி100 முனையத்தில் வரிக்கு 80, மொத்தம் 24 வரி. இன்றைக்கும் பைத்தான் மொழியின் நடைக் கையேடு ஒரு வரி 79 எழுத்தைத் தாண்ட வேண்டாம் என்கிறது. துளை அட்டையைக் கண்ணால் கண்டிராத தலைமுறை அந்த அளவுக்குள் எழுதிக்கொண்டிருக்கிறது.

பழக்கம் மட்டும் காரணம் என்றால் எப்போதோ விட்டிருப்பார்கள். நிரலில் இடைவெளிக்கும் பொருள் உண்டு. பைத்தானில் ஒரு வரி எவ்வளவு உள்ளே தள்ளித் தொடங்குகிறது என்பதை வைத்தே அது எந்தக் கட்டளைக்குக் கீழே அடங்குகிறது என்று கணினி முடிவு செய்கிறது. கண் அந்தத் தள்ளலை நொடியில் அளக்க வேண்டும். அடுத்தடுத்த வரிகளில் வரும் எண்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றால், ஓர் இலக்கம் கூடிப்போனது படிக்காமலே தெரியும். புள்ளிக் கோலத்தில் ஒரு புள்ளி அரை விரல் நகர்ந்தால் கம்பி எங்கே கோணுகிறது என்று தூரத்திலிருந்தே தெரிந்துவிடுவதைப் போல, கட்டம் தவறைக் காட்டிக் கொடுக்கிறது.

நிரலருக்கு மட்டும் உரியதல்ல இது. கைப்பேசியில் ஓடிபி வரும் வரை 29, 28, 27 என்று நொடிகள் குறைந்துகொண்டே வரும். அந்த எண்களில் 1 மட்டும் ஒல்லியாக இருந்தால், 21-இலிருந்து 19 வரை இறங்கும்போது பக்கத்திலுள்ள சொற்கள் இடமும் வலமுமாகத் துள்ளும். நல்ல செயலிகளில் துள்ளாது. எண்களுக்கு மட்டுமாவது ஒரே அகலம் தந்திருப்பார்கள். வடிவமைப்பாளர் செய்யும் இத்தகைய வேலையை யாரும் கவனிப்பதில்லை. கவனிக்காமல் இருப்பதே அந்த வேலை சரியாக நடந்ததற்கு அடையாளம்.

கோடு எங்கே வேண்டும், எங்கே வேண்டாம்

ஒல்லி எழுத்தை அகலக் கட்டத்தில் வைத்தால் இருபுறமும் வெற்றிடம் விழும். தட்டச்சு எழுத்துரு வரைந்தவர்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். எழுத்தின் தலையிலும் காலிலும் நீண்ட சிறு கோடுகள் போட்டு இடத்தை நிரப்பினார்கள். எழுத்தின் முனையில் வரும் இத்தகைய கோட்டை ‘நுனிக்கோடு’ என்று வைத்துக்கொள்வோம், ஆங்கிலத்தில் செரிஃப். ஐபிஎம் தட்டச்சுப் பொறிக்காக ஹோவர்ட் கெட்லர் 1950-களில் வரைந்த கூரியர் எழுத்துருவில் ஆங்கில ‘ஐ’ தட்டையான பாதம் வைத்து நிற்பது இதனால்தான்.

தாளில் மை ஊறும். மெல்லிய கோடும் தெரியும். பழைய திரைகளில் அந்த வசதி இல்லை. எழுத்து ஒன்றுக்குக் கிடைப்பது ஏழெட்டுப் புள்ளி அகலம். அதில் நுனிக்கோட்டுக்கும் பங்கு கொடுத்தால் எழுத்தின் உடம்பு கலங்கிவிடும். அதனால் நுனிக்கோடு இல்லாத, சான்ஸ் செரிஃப் எனப்படும் வடிவங்கள் திரைக்கு வந்தன. ஆப்பிளின் முதல் மேக்கின்டாஷ் காலத்தில் சூசன் கேர் வரைந்த மொனாக்கோ, மைக்ரோசாஃப்டுக்காக லூக்காஸ் டி குரூட் வரைந்த கன்சோலாஸ், அடோபியில் பால் ஹன்ட் வரைந்து 2012-இல் வெளியான சோர்ஸ் கோட் ப்ரோ, 2020-இல் வந்த ஜெட்பிரெய்ன்ஸ் மோனோ என்று இந்தக் குடும்பம் பெரியது.

இவற்றை உற்றுப் பார்த்தால் நுனிக்கோடு முழுவதும் ஒழிந்துவிடவில்லை என்பது தெரியும். ஆங்கிலச் சின்ன ‘எல்’, பெரிய ‘ஐ’, எண் 1 மூன்றும் வெறும் நிமிர்ந்த கோடாக நின்றால் ஒன்றுக்கொன்று வேறுபாடே இருக்காது. எனவே பெரிய ‘ஐ’க்கு மேலும் கீழும் கோடு, 1-க்கு மேலே ஒரு மூக்கும் கீழே பாதமும், சின்ன ‘எல்’லுக்குக் கீழே வளைந்த வால். இடமில்லாமல் நீக்கியதை அடையாளத்துக்காகத் திரும்ப வைத்திருக்கிறார்கள். சுழியத்துக்குக் கன்சோலாஸில் சாய்ந்த கோடு, சோர்ஸ் கோட் ப்ரோவில் புள்ளி.

படிப்பவர் ஊகித்துக்கொள்வார் என்று விட்டுவிடாமல், வேறுபாட்டை வடிவத்துக்குள்ளேயே வைப்பதுதான் இந்தத் தொழிலின் உயிர். இந்த வேலையைத் தமிழில் ஒருவர் ஏறத்தாழ முந்நூறு ஆண்டுக்கு முன்பே செய்தார். அவர் தங்கிப் பணிசெய்த ஊர்களில் ஒன்று ஆவூர்.

ஆவூரில் இருந்த பாதிரியார்

புதுக்கோட்டை மாவட்டத்து ஆவூர் இன்று பெரியநாயகி மாதா கோயிலாலும் பாஸ்கா நாடகத்தாலும் அறியப்படும் சிற்றூர். 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சு இயேசு சபைப் பாதிரியார் பூஷே இங்கே தேவாலயம் எழுப்பினார். மதுரை மறைப்பணித் தளத்தின் முதன்மையான ஊர்களில் ஒன்றாக அது இருந்தது. இத்தாலியில் 1680-இல் பிறந்து, 1710-ஐ ஒட்டித் தமிழ்நாடு வந்து, தேம்பாவணியும் சதுரகராதியும் தந்த கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி, நம் வீரமாமுனிவர், இந்த ஆவூரிலும் பணியாற்றியிருக்கிறார்.

அவர் காலத்து ஓலையை மனக்கண்ணில் கொண்டுவாருங்கள். தொல்காப்பிய விதிப்படி மெய்யெழுத்துக்குப் புள்ளி உண்டு. குறிலான எகரத்துக்கும் ஒகரத்துக்கும் அதுபோலவே புள்ளி உண்டு. புள்ளி வைத்தால் குறில், வைக்காவிட்டால் நெடில். ஆனால் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்பதால் ஏடு எழுதியவர்கள் புள்ளியை விட்டுவிட்டார்கள் என்பார்கள். புள்ளி போனதும் எரியும் ஏரியும் ஒன்றாயின. போதாக்குறைக்கு, துணைக்காலுக்கும் ‘ர’வுக்கும் ஓலையில் ஒரே வடிவம்.

‘கொடு’ என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு எண்ணிப் பார்ப்போம். ஓலையில் இருப்பது கொம்பு, க, ஒரு நேர்க்கோடு, டு. நேர்க்கோட்டைக் கால் என்று கொண்டால் கொடு, கோடு என இரண்டு வாசிப்பு. ‘ர’ என்று கொண்டால் கெரடு, கேரடு. அந்த ‘ர’வுக்குப் புள்ளி இருந்து விட்டுப்போயிருக்கலாம் என்றால் கெர்டு, கேர்டு. ஆக ஒரே கீறலுக்கு ஆறு வாசிப்பு. பின்னிரண்டு வகையும் சொல்லே இல்லை என்று தமிழ் அறிந்தவர் நொடியில் தள்ளிவிடுவார். கொடுவா கோடா என்பதையும் வாக்கியத்தை வைத்துத் தீர்த்துக்கொள்வார். மொழியைப் பிறந்தது முதல் கேட்டவருக்கு இது சுமையாகவே தெரிந்திருக்காது. வளர்ந்த பின் தமிழ் கற்க வந்த ஒருவருக்கு ஒவ்வொரு வரியும் முள்ளாக இருந்திருக்கும்.

வீரமாமுனிவர் வேறுபாட்டைப் புள்ளியிலிருந்து எடுத்துக் கோட்டுக்கு மாற்றினார். கொம்பின் தலையைச் சுழித்து நெடிலுக்கான இரட்டைக் கொம்பை ஆக்கினார். எகரத்தின் கீழே ஒரு கோடு இழுத்து ஏகாரம், ஒகரத்தின் அடியில் சுழி வைத்து ஓகாரம் என்பனவும் அவர் பெயரிலேயே வழங்குகின்றன. எழுத்தாணி எப்படியும் கோடு இழுத்தே தீரும். அந்தக் கோட்டைச் சற்று வளைத்துவிட்டால் ஓலை கிழியாது, எழுதுபவர் சோம்பலில் விட்டுவிடவும் முடியாது. கருவியின் போக்கை அறிந்து செய்த திருத்தம் இது. உடனே ஊரெல்லாம் பரவிவிடவில்லை. அவருக்குப் பிறகு அச்சு பெருகிய 19-ஆம் நூற்றாண்டில்தான் நன்றாக ஊன்றியது. இலக்கியப் பணிகளுக்காக அவரைப் போற்றுபவர்கள் இந்தக் கொம்பின் சுழியை ஓரிரு வரியில் கடந்துவிடுகிறார்கள். இன்று தமிழில் அச்சாகும் ஒவ்வொரு பக்கத்திலும் அவர் கை பட்டிருக்கிறது என்றால், அது இந்தச் சுழியில்தான்.

ஆவூர் எத்தனை எழுத்து?

ஓலையை விட்டுத் திரைக்கு வருவோம். அவர் இருந்த ஊரின் பெயரையே சோதனைக்கு எடுத்துக்கொள்வோம்: ஆவூர்.

ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டால் ஆ, வூ, ர் என்று மூன்று எழுத்து என்று சொல்லும். அது சரியான விடை. ஆனால் கணினி இந்தச் சொல்லை இப்படிச் சேமிப்பதில்லை. உலக மொழிகளின் எழுத்துக்கெல்லாம் எண் தரும் யூனிகோடு முறையில் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு ‘குறியெண்’ உண்டு. ஆ ஒன்று. ‘வூ’வுக்கு என்று தனிக் குறியெண் கிடையாது, வ ஒன்று, ஊகாரக் குறி ஒன்று. ‘ர்’ என்பது ர ஒன்று, புள்ளி ஒன்று. ஆக ஐந்து. பைத்தானிடம் இந்தச் சொல்லின் நீளம் கேட்டால் 5 என்றே சொல்லும்.

வட்டில் எழுதும்போது தமிழ்க் குறியெண் ஒவ்வொன்றும் மூன்று பைட் எடுத்துக்கொள்கிறது. கோ மொழியில் நீளம் கேட்டால் பைட்டுகளை எண்ணி 15 என்கிறது. ஆப்பிளின் ஸ்விஃப்ட் மொழி, கண் ஒன்றாகக் காணும் கொத்தை ஓர் எழுத்தாகக் கொள்வதால், ஒன்றாம் வகுப்புப் பிள்ளையோடு சேர்ந்து 3 என்கிறது.

நான்காவதாக ஒருவரையும் கேட்டாக வேண்டும்: கட்டளைகளைத் தட்டும் கருந்திரை முனையம். ஒரு சொல்லுக்கு எத்தனை கட்டம் ஒதுக்குவது என்று முடிவு செய்ய அது ஒரு பட்டியலைப் பார்க்கிறது. பரவலாகப் புழங்கும் அத்தகைய பட்டியல்களில் ஒன்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்து மார்க்குஸ் கூன் எழுதியது. அதன் விதி எளியது. இடம் பிடிக்காத குறி என்று யூனிகோடு வகைப்படுத்தியவற்றுக்குச் சுழியம். மற்றவற்றுக்கு ஒரு கட்டம். சீனம், ஜப்பானியம் போன்றவற்றின் அகல எழுத்துகளுக்கு இரண்டு. இதன்படி ஆவூரில் புள்ளிக்கு மட்டும் கட்டம் இல்லை. எனவே விடை 4.

ஒரே சொல்; 3, 4, 5, 15 என நான்கு விடை. ஆங்கிலத்தில் இந்த ஊரை ஐந்து எழுத்தில் எழுதினால் நால்வரும் 5 என்றே சொல்வார்கள். சம அகலம் என்ற எண்ணமே இந்த ஒற்றுமையின் மேல் கட்டப்பட்டது. ஓர் எழுத்து, ஒரு குறியெண், ஒரு பைட், ஒரு கட்டம் என்ற நான்கும் ஒன்றாகவே இருக்கும் என்று முதலில் கட்டியவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் கையாண்ட மொழிக்கு அது உண்மையாகவும் இருந்தது.

நான்கு ஊர்ப் பட்டியல்

இந்த வேறுபாடு திரையில் என்ன செய்கிறது? ஆவூர், விராலிமலை, கீரனூர், திருச்சி என்று நான்கு ஊர்ப் பெயர்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, பக்கத்தில் பேருந்துக் கட்டணத்தை அச்சிட ஒரு சின்ன நிரல் எழுதுகிறோம் என்று வையுங்கள். ஊர்ப் பெயருக்குப் பத்து இடம் ஒதுக்கச் சொல்கிறோம். பெயர் பத்துக்குக் குறைந்தால் மிச்சத்தை வெற்றிடத்தால் நிரப்ப வேண்டும்.

பைத்தான் குறியெண்ணை எண்ணி நிரப்புகிறது. ஆவூருக்குக் குறியெண் 5. எனவே 5 வெற்றிடம் சேர்க்கிறது. விராலிமலைக்கு 9, ஒன்று சேர்க்கிறது. கீரனூருக்கு 7, மூன்று. திருச்சிக்கு 8, இரண்டு. தன் கணக்கில் எல்லாமே பத்து.

முனையம் அதைத் தன் பட்டியல்படி வைக்கிறது. ஆவூருக்கு 4 கட்டமும் 5 வெற்றிடமும் சேர்ந்து 9. விராலிமலைக்கு 9-உம் 1-உம் சேர்ந்து 10. கீரனூருக்கு 5-உம் 3-உம் சேர்ந்து 8. திருச்சிக்கு 7-உம் 2-உம் சேர்ந்து 9. கட்டண நெடுவரிசை முதல் வரியில் பத்தாம் கட்டத்திலும், அடுத்ததில் பதினோராம் கட்டத்திலும், அடுத்ததில் ஒன்பதிலும், கடைசியில் மீண்டும் பத்திலும் தொடங்குகிறது. எழுத்துரு இன்னும் ஒரு கோடுகூட வரையவில்லை. அதற்குள் வரிசை கலைந்துவிட்டது.

கீரனூர் ஏன் இவ்வளவு பின்தங்கியது என்று பாருங்கள். யூனிகோடு வகைப்பாட்டில் இகரக் குறி ‘ி’ இடம் பிடிக்கும் குறி. ஈகாரக் குறி ‘ீ’ இடம் பிடிக்காத குறி. ஆகவே ‘கி’க்கு இரண்டு கட்டம், ‘கீ’க்கு ஒன்று. குறிலுக்கு இரண்டும் நெடிலுக்கு ஒன்றும்! தமிழ் எழுதும் கை எதற்கும் இது பொருந்தாது. ‘விலங்கு’ எனப்படும் இந்த இரண்டு குறியும் எழுத்தின் தலைமேல் ஏறித்தான் நிற்கின்றன. ஏறக்குறைய ஒரே இடத்தைத்தான் எடுக்கின்றன. இந்த வகைப்பாடு முனையங்களை மனத்தில் வைத்துச் செய்ததல்ல. வேறு நோக்கத்துக்காக இட்ட ஓர் அடையாளத்தை யாரோ அகலக் கணக்குக்கு எடுத்துக்கொள்ள, அதன் விளைவு நம் ஊர்ப் பெயர்களின் மேல் விழுந்திருக்கிறது.

இதற்குப் பிறகுதான் எழுத்துரு வருகிறது. கன்சோலாஸிலும் சோர்ஸ் கோட் ப்ரோவிலும் ஜெட்பிரெய்ன்ஸ் மோனோவிலும் தமிழ் இல்லை. தமிழ் எழுத்து வந்ததும் கணினி வேறோர் எழுத்துருவிலிருந்து, விண்டோஸ் என்றால் நிர்மலா யூஐ, ஆண்ட்ராய்டு என்றால் நோட்டோ சான்ஸ் தமிழ் போன்றவற்றிலிருந்து, வடிவத்தை இரவல் வாங்கிப் போடுகிறது. அவை படிப்பதற்கென்று வரைந்த நல்ல எழுத்துருக்கள். கட்டம் என்பதே அவற்றுக்குத் தெரியாது. அகலமான ‘ண’ அடுத்த கட்டத்துக்குள் நுழையும். ஒல்லியான ‘ர’வுக்குப் பின்னால் இடைவெளி விழும்.

தட்டச்சுப் பொறிக்குத் தெரிந்தது

இந்தச் சிக்கலைத் தமிழ் ஒருமுறை இரும்பிலேயே எதிர்கொண்டு தீர்த்திருக்கிறது. யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் 1886-இல் பிறந்து மலாயாவுக்குப் பிழைக்கப் போன ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சுப் பொறிக்கு விசைப்பலகை வகுத்தபோது, 247 எழுத்தையும் நாற்பத்துச் சொச்ச விசைக்குள் அடக்க வேண்டியிருந்தது. அவர் கையாண்ட உத்திகளில் முக்கியமானது ‘நகரா விசை’. புள்ளி போன்ற குறியை அடித்தால் மை தாளில் படும், வண்டி நகராது. அடுத்து மெய்யின் உடம்பை அடித்தால் அது புள்ளிக்கு நேர் கீழே வந்து உட்காரும். இரண்டு அடி, ஒரு கட்டம்.

எந்தக் குறிக்கு வண்டி நகர வேண்டும், எதற்கு நகரக் கூடாது என்பதைத் தமிழ் எழுதிப் பழகியவர் தீர்மானித்தார். மேலே ஏறும் குறி நகராது. பக்கத்தில் நிற்கும் காலும் கொம்பும் நகரும். யூனிகோடு பட்டியலில் இன்று கிடைக்காத தெளிவு அந்த இரும்புப் பொறியில் இருந்தது. விலை ஒன்று கொடுக்க வேண்டியிருந்தது என்பதும் உண்மை. எல்லாக் கட்டமும் ஒரே அகலம் என்பதால் ‘ண’ நசுங்கியிருக்கும், துணைக்காலுக்கு இருபுறமும் வெறிச்சென்று கிடக்கும். பழைய பத்திர நகல்களைப் பார்த்தவர்களுக்கு அந்தத் தோற்றம் நினைவிருக்கும்.

கௌரி என்ற இருவர்

வரிசை கலைவது கண்ணுக்குத் தெரியும் கோளாறு. கண்ணுக்குத் தெரியாத கோளாறு அதைவிடக் கடுமையானது.

தமிழிலேயே நிரல் எழுத முத்து அண்ணாமலை உருவாக்கிய ‘எழில்’ என்ற மொழி இருக்கிறது. அதில் ஒன்றைத் திரையில் காட்டச் சொல்லும் கட்டளை ‘பதிப்பி’. நிபந்தனைக்கு ‘ஆனால்’, ‘இல்லை’; முடிக்க ‘முடி’. பைத்தானிலும் மூன்றாம் பதிப்பு முதல் மாறிகளுக்குத் தமிழில் பெயர் வைக்கலாம். ஒரு மாணவி இப்படி இரண்டு வரி எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்வோம்.

கௌரி = 10
பதிப்பி கெளரி

அப்படி ஒரு பெயரே இல்லை என்று கணினி மறுக்கும். இரண்டு வரியையும் மறுபடி பாருங்கள். முதல் வரியில் இருப்பது கௌ, ரி என்ற இரண்டெழுத்து, குறியெண் நான்கு. இரண்டாம் வரியில் இருப்பது கெ, ள, ரி என்ற மூன்றெழுத்து, குறியெண் ஐந்து. ஔகாரக் குறியின் பின்பாதியும் ளகரமும் பெரும்பாலான எழுத்துருக்களில் அச்சாக ஒன்றே. நாளிதழ் படிப்பவருக்கு இதனால் நட்டமில்லை. நிரல் எழுதும் மாணவிக்கு ஒரு மாலைப் பொழுதே போய்விடும். தேடும்போதும் இதே இடர்தான்: கௌரவம் என்று தேடினால், ளகரம் போட்டு எழுதிய பக்கங்கள் அகப்படாமல் போகலாம்.

கொம்பையும் காலையும் தனித்தனியாக அடித்து ‘கொ’ உண்டாக்கினால் இந்தத் தொல்லை இல்லை. இரு வழியும் ஒன்றே என்று யூனிகோடு ஏற்றுக்கொண்டிருக்கிறது. பைத்தானும் பெயர்களை ஒப்பிடும் முன் ஒரே வடிவத்துக்கு மாற்றிக்கொள்கிறது. ளகரம் வேறோர் எழுத்து என்பதால் அதற்கு இந்தச் சலுகை கிடையாது, கிடைக்கவும் கூடாது. இதைத் தீர்க்க வேண்டியவர் எழுத்துருவை வரைபவர்.

‘ர’வும் காலும் அப்படியே. ஓலையில் ஒன்றாயிருந்த இரண்டும் இன்று ‘ர’வின் அடியில் உள்ள ஒரு சாய்ந்த கோட்டால்தான் பிரிகின்றன. சிறிய அளவில் அந்தச் சாய்வு ஓரிரு புள்ளியாகத் தேய்ந்துவிடும். தமிழ் எண்களைப் பயன்படுத்தினால் சிக்கல் இன்னும் பெருகும். தமிழ் ஒன்று ‘௧’ ககரத்தைப் போல. இரண்டு ‘௨’ உகரத்தைப் போல. ஏழு ‘௭’ எகரத்தைப் போல. எட்டு ‘௮’ அகரத்தைப் போல. ஆங்கிலத்துக்குச் சுழியமும் ஒன்றும்தான் தொல்லை. நமக்கு அந்தப் பட்டியல் நீளம்.

தமிழ் நிரல் எழுத்துரு எப்படி இருக்க வேண்டும்?

எல்லாத் தமிழ் எழுத்தையும் ஒரே கட்டத்தில் திணிப்பது வழியல்ல என்பது என் உறுதியான கருத்து. ‘ட’வையும் ‘ணௌ’வையும் ஒரே அகலத்தில் வரைந்தால் ஒன்று ஊதிப்போகும், மற்றது படிக்கவே வராது. சீன, ஜப்பானிய எழுத்துகள் முனையத்தில் இரண்டு கட்டம் எடுத்துக்கொள்கின்றன, வரிசை கலைவதில்லை. ஒற்றை அகலம் அவசியமே இல்லை. அகலம் கட்டத்தின் முழு மடங்காக இருந்தால் போதும். ‘ர’, ‘ட’, ‘ப’ போன்றவற்றுக்கு ஒரு கட்டம். ‘ண’, ‘ஞ’, ‘ஆ’, ‘ஐ’ போன்றவற்றுக்கு இரண்டு. மேலே ஏறும் புள்ளிக்கும் இகர ஈகார விலங்குகளுக்கும் கட்டம் இல்லை. காலுக்கும் கொம்புக்கும் ஒன்று. முத்தையாவின் பொறி வகுத்த அதே வேறுபாடுதான். ஒரே அகலம் என்ற இரும்பின் கட்டாயம் மட்டும் இப்போது இல்லை.

ஆனால் நல்ல எழுத்துரு ஒன்றை வரைந்து கொடுத்தால் மட்டும் வேலை முடியாது. கட்டத்தை ஒதுக்குவது முனையம்; நிரப்புவது நிரல்; வரைவது எழுத்துரு. மூன்றும் ஒரே பட்டியலை வைத்து எண்ண வேண்டும். சில புதிய முனையங்கள் குறியெண்ணை விட்டுவிட்டு, கண் ஒன்றாகக் காணும் கொத்தை எண்ணத் தொடங்கியிருப்பது நல்ல திருப்பம். தமிழக அரசு 2010-இல் யூனிகோடோடு சேர்த்து ஏற்ற ‘டேஸ்16’ குறியாக்கத்தில் உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி எண் உண்டு. அதில் ஆவூர் மூன்றேதான். உலகம் யூனிகோட்டில் நிலைத்துவிட்டதால் அது பரவவில்லை. இனி எழுத்தை எண்ணும் பொறுப்பு மென்பொருளின் தலையில்தான்.

அந்தப் பொறுப்பை இன்றே ஏற்க வழி உண்டு. எழிலோடு தொடர்புடைய ‘ஓப்பன் தமிழ்’ என்ற திறந்த நிரல் தொகுப்பில், ஒரு சொல்லைக் கொடுத்தால் அதை எழுத்தெழுத்தாகப் பிரித்துத் தரும் செயற்கூறு இருக்கிறது. ஆவூரைக் கொடுத்தால் ஆ, வூ, ர் என்று மூன்றாகத் திரும்ப வரும். நம் கட்டணப் பட்டியலை அச்சிடும் நிரல், நீளத்தைப் பைத்தானிடம் கேட்காமல் அதனிடம் கேட்கட்டும். பிறகு ஒவ்வோர் எழுத்துக்கும் முனையம் எத்தனை கட்டம் ஒதுக்குகிறது என்று ஒரு சிறு பட்டியலை வைத்துக்கொண்டு கூட்டினால் சரியான வெற்றிடம் கிடைக்கும். பள்ளியில் கணினி படிக்கும் பிள்ளை ஒரு நாளில் எழுதக்கூடிய நிரல் இது.

எழுத்துரு வரைய உட்காருபவருக்கு வேண்டுகோள் இரண்டுண்டு. துணைக்காலைக் கட்டத்தின் அடிக்கோட்டோடு தட்டையாக நிறுத்தி, ‘ர’வின் பாதத்தை அடிக்கோட்டுக்குக் கீழே நன்றாக இறக்கி இடப்பக்கம் இழுத்துவிட வேண்டும், 12 புள்ளி உயரத்திலும் அந்த வால் தெரிய வேண்டும். ஔகாரத்தின் பின்பாதியைச் சிறிதாக்கி, முந்தைய எழுத்தோடு ஒட்டி, ளகரத்தின் பாதி உயரத்தில் வரைய வேண்டும். அதைக் கண்ட மாத்திரத்தில் அது தனி எழுத்தில்லை, குறி என்று தெரிந்துவிடும். இரண்டுக்கும் புதிய எழுத்து எதுவும் வேண்டாம். இருக்கும் கோட்டைச் சற்று வளைத்தால் போதும்.